திருமதி ஒலிஃபன்ட்டும் என் அக்காவும்

செமூர் என்ற ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். மற்றபடி மார்கரெட் ஒலிஃபன்ட் என்ற பெயரை எழுபது வயது வரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பிரான்சு தேசத்து மாவட்டங்களையும் அவற்றின் தலைநகரங்களையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். தப்பு வந்தால் முசியே கையில் இருக்கும் அடிக்கோல் பேசும். ஷேக்ஸ்பியரும் டிக்கன்ஸும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சொத்து. எங்களுக்கு விக்தோர் ஹ்யூகோ, பல்சாக், ஃப்ளோபேர். ஆங்கிலம் எனக்குக் கோப்பு எழுதி எழுதித்தான் வந்தது. இன்றைக்கும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆங்கில நாவல் படிக்கிறேன்.

2020-இல் ஊரடங்கு. நூலகம் மூடியாயிற்று. மகன் தன்னுடைய பழைய டேப்லெட்டில் இலவசப் பழைய நூல்கள் கிடைக்கும் குட்டன்பர்க் தளத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். அதில் தடவிக்கொண்டிருந்தபோது, முற்றுகையிடப்பட்ட ஒரு நகரம் என்று பொருள்படும் தலைப்பு கண்ணில் பட்டது. கதை நடக்கும் இடம் பர்கண்டியில் உள்ள செமூர், 'ஹோத் பூர்கோஞ்' மாவட்டம் என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செமூர் உண்மையான ஊர், கோத்-தோர் மாவட்டத்தைச் சேர்ந்தது, தலைநகரம் திஜோன். ஹோத் பூர்கோஞ் என்று ஒரு மாவட்டமே கிடையாது. இந்த அம்மாள் முசியேயிடம் நன்றாக வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தவன், அன்றிரவே முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கதையைச் சொல்பவர் அந்த ஊர் மேர், மர்த்தேன் துய்ப்பேன். நகரசபைத் தலைவர். அவர் எழுதுவது கதை மாதிரியே இல்லை; மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கை மாதிரி இருக்கிறது. தேதி, நேரம், யார் யார் உடனிருந்தார்கள், தான் எடுத்த நடவடிக்கை என்ன, எல்லாம் வரிசைக்கிரமமாக. முப்பத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, அந்த நடையைப் படித்ததும் பழைய மேலதிகாரி ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

ஆனால் அறிக்கையில் வரும் விஷயம் என்ன தெரியுமா? செமூர் மக்களுக்குப் பணமே தெய்வமாகிவிட்டது. ஒருவன் தன் கடவுள் காசுதான் என்று நடுத்தெருவில் சொல்கிறான். இதைக் கேட்டால் செத்தவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள் என்று ஒரு கிழவி புலம்புகிறாள். அப்படியே ஆகிறது. கோடைகாலத்துப் பகலில் ஊர் இருண்டுபோகிறது. இறந்தவர்கள் ஊருக்குள் வந்து, இருப்பவர்களை மதிலுக்கு வெளியே தள்ளிக் கதவை அடைத்துவிடுகிறார்கள். அவர்கள் உருவம் தெரியவில்லை. நெருக்கம் மட்டும் உணர முடிகிறது. நாமெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாளில், வீட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட ஊரைப் பற்றிப் படித்தேன்.

நடப்பதன் பொருள் பெண்களுக்குத்தான் முதலில் புரிகிறது. குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டு பயமே வருவதில்லை. மேருக்குக் கடைசிவரை ஒன்றும் கண்ணில் படுவதில்லை. கடமையை ஒழுங்காகச் செய்கிறார், அறிக்கையை ஒழுங்காக எழுதுகிறார். அவ்வளவுதான். முடிவில் எல்லோரும் ஊர் திரும்பி, கொஞ்ச நாள் பக்தியாக இருந்துவிட்டு, மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிடுகிறார்கள். அதுவும் உண்மை போலத்தான் இருந்தது.

இதை எழுதியவர் யார் என்று தேடத் தொடங்கினேன். தேடியது ஓரிடத்தில் என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விட்டது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மார்கரெட் ஒலிஃபன்ட் 1828-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். முதல் நாவல் 1849-இல் வந்தது. கண்ணாடி ஓவியக் கலைஞரான தன் உறவுக்காரரையே 1852-இல் மணந்துகொண்டார். கணவருக்குக் காசநோய். இத்தாலியின் வெயில் நல்லது என்று 1859-இல் குடும்பத்தோடு போனார்கள். அந்த வருஷமே ரோம் நகரில் கணவர் இறந்துவிட்டார். கையில் இரண்டு குழந்தைகள், வயிற்றில் ஒன்று, தலைமேல் ஏறக்குறைய 1,000 பவுன் கடன். அம்மாளுக்கு வயது 31.

அதற்குப் பிறகு அவர் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை. 1897-இல் இறக்கும்வரை ஏறக்குறைய நூறு நாவல்கள். அவை போக வரலாறு, வாழ்க்கை வரலாறு, பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பு, எடின்பரோவிலிருந்து வந்த 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகைக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகள். தன் பிள்ளைகளை மட்டும் வளர்க்கவில்லை. அண்ணன் ஒருவர் நொடித்துப்போனதும் அவரையும் அவர் பிள்ளைகளையும் சேர்த்துத் தாங்கினார். மகன்களை ஈட்டன் பள்ளியில் படிக்க வைத்தார். அண்ணன் மகனைப் பொறியியல் படிக்க வைத்து இந்தியாவுக்கு அனுப்பினார். அந்தப் பையன் 1879-இல் இங்கேயே இறந்துபோனான்.

அவருடைய தன்வரலாறு, அவர் மறைந்த பிறகு 1899-இல் வெளியானது. அதில் ஒரு சம்பவம். விதவையாகித் திரும்பிய புதிது, எடின்பரோவில் குடியிருக்கிறார். பிளாக்வுட் சகோதரர்களிடம் நேரில் போய் ஒரு தொடர்கதை எழுதித் தருகிறேன் என்று கேட்கிறார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணீரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். தெருவில் ஒருவன் வாத்தியப் பெட்டியைச் சுற்றிப் பாட்டு வாசிக்கிறான். வீட்டில் குழந்தைகள் ஓடி வருகின்றன. அவர்களைத் தூங்க வைத்துவிட்டு அன்றிரவே உட்கார்ந்து ஒரு கதை எழுதி அனுப்புகிறார். அதை ஏற்றுக்கொண்டார்கள். கார்லிங்ஃபர்ட் என்ற கற்பனை ஊரைப் பற்றி அவர் எழுதிய கதை வரிசை அதிலிருந்துதான் தொடங்கியது. அந்த வரிசையில் ஒரே ஒரு நாவலுக்கு மட்டும் பின்னால் 1,500 பவுன் கிடைத்தது.

எழுதுவதற்குத் தனி அறை கிடையாது. வீட்டு ஆட்கள் வந்துபோகும் கூடத்தில், பேச்சுக்கு நடுவில் எழுதினார். எல்லோரும் தூங்கிய பிறகு இராத்திரியில்தான் தொந்தரவில்லாத நேரம்.

நூறு நாவலும் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். நான் படித்தது எட்டு. அதில் மூன்றை அரைத் தூக்கத்தில்தான் கடந்தேன். அன்றைக்கு இங்கிலாந்தில் நாவல் என்றால் மூன்று பாகம், விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண ஆட்கள் வாங்க முடியாது, சந்தா நூலகத்தில் எடுத்துப் படிப்பார்கள். கதை இரண்டு பாகத்தில் முடிந்துவிட்டாலும் மூன்றாவதை இழுத்து நிரப்பியாக வேண்டும். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த இழுவையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இவரைப் பற்றி வர்ஜீனியா வுல்ஃப் 1938-இல் 'த்ரீ கினீஸ்' என்ற நூலில் எழுதியிருப்பதைப் படித்தேன். நல்ல மூளை அது, பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காக அதை விற்றுவிட்டார், சிந்தனைச் சுதந்திரத்தை அடகு வைத்துவிட்டார் என்கிற கருத்து. வுல்ஃப் அவரை ஏசவில்லை. அவர் துணிச்சலைப் பாராட்டவும் செய்கிறார். பெண்களுக்குச் சொந்த வருமானம் இல்லாத நிலையைத்தான் குறை சொல்கிறார். இருந்தாலும் 'விற்றார்' என்ற சொல் எனக்கு நெஞ்சில் குத்தியது. ஏனென்றால், கிட்டத்தட்ட அதே சொல்லை நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னது என் அக்காவிடம்.

1962-இல் அப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவுக்குப் பதினேழு. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு தையல் கூடத்தில் அக்கா பூவேலை கற்றிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து அதுதான் எங்கள் சாப்பாடு. மேசை விரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை, குழந்தைகளின் ஞானஸ்நான உடை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. மரவளையத்தில் துணியை இறுக்கிக்கொண்டு, திண்ணையோரம் வெளிச்சம் இருக்கும்வரை பகலிலும், எங்களைத் தூங்க வைத்துவிட்டு விளக்கடியில் இரவிலும் தைப்பாள்.

1971. எனக்கு இருபத்தொரு வயது. வேலை இல்லை, வாய் மட்டும் இருந்தது. ஃப்ளோபேர் பைத்தியம் பிடித்திருந்த காலம். 'மதாம் பொவாரி'யை அவர் ஏறக்குறைய ஐந்து வருஷம் எழுதினார், ஒரு வாக்கியத்துக்காக நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார் என்று அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரே மாதிரியான பன்னிரண்டு கைக்குட்டைகளில் ஒரே மாதிரியான பூவைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதான் கலை அக்கா. நீ செய்யறது என்ன? ஒரே பூவ நூறு தடவ போடற. கையில இருக்கற வித்தைய கூலிக்கு வித்துட்ட."

அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"அவரு வீட்டுல சோறு யாரு தம்பி ஆக்குனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ சொல்லி மழுப்பினேன். "இந்தப் பூ நல்லா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

ஃப்ளோபேருக்குக் குடும்பச் சொத்து இருந்தது, அம்மாவோடு க்ருவாஸேயில் சொந்த வீட்டில் இருந்தார் என்பதையெல்லாம் பின்னாளில்தான் கவனித்தேன். வுல்ஃபுக்கும் அத்தை விட்டுப்போன 2,500 பவுன் இருந்தது. இது அவர்கள் எழுத்தின் தரத்தைக் குறைப்பதற்காகச் சொல்வதல்ல. அக்காவின் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பதற்காகச் சொல்கிறேன். இதே கேள்வியை ஒலிஃபன்ட்டும் தனக்குள் கேட்டிருக்கிறார். 1885-இல் ஜார்ஜ் எலியட்டின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தபோது அதைப் படித்துவிட்டு, தன்னையும் அப்படி யாராவது பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்போமோ என்று தன்வரலாற்றில் யோசிக்கிறார். புலம்பல் இல்லை. யோசித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அவருடைய 'கிர்ஸ்டீன்' என்ற நாவலைப் படிக்கும்போதுதான் எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. 1890-இல் வந்தது. கதை அதற்கும் எழுபது வருஷம் முந்தைய ஸ்காட்லாந்தில் நடக்கிறது. டக்ளஸ் குடும்பம், பழம்பெருமை மட்டும் மிச்சம், நிலமெல்லாம் கைமாறிவிட்டது. அப்பா கொடுமைக்காரர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை வைத்து வேலை வாங்கி ஊர் திரும்பியவர். மகன்களை ஒவ்வொருவராக இந்தியாவுக்கு அனுப்புகிறார். மகள்கள் அவருக்குக் கணக்கிலேயே இல்லை.

கிர்ஸ்டீனுக்கு ரொனால்ட் என்று ஒரு பையன் மேல் பிரியம். அவனும் இந்தியாவுக்குப் படையில் சேரப் போகிறான். திரும்பி வரும்வரை காத்திருப்பாயா என்று கேட்கிறான், இருப்பேன் என்கிறாள். வேறு பேச்சே இல்லை. ஒரு கைக்குட்டையில் அவன் பெயரின் முதலெழுத்துகளைத் தன் சிவந்த தலைமுடியையே நூலாக வைத்துத் தைத்துக் கொடுத்தனுப்புகிறாள்.

அப்பா அவளை ஒரு வயதானவருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். அவள் வீட்டை விட்டு வெளியேறி, இலண்டன் போய், சீமாட்டிகளுக்கு உடை தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். நல்ல குடும்பத்துப் பெண் தையற்காரியாவது அன்றைக்குப் பெரிய அவமானம். அவளுக்கு வேலை பிடித்துப்போகிறது. துணியை வெட்டத் தெரிகிறது, நிறம் சேர்க்கத் தெரிகிறது, கணக்குப் பார்க்கத் தெரிகிறது. கடையே அவளால் பேர் வாங்குகிறது.

பிறகு இந்தியாவிலிருந்து செய்தி வருகிறது. ரொனால்ட் போரில் இறந்துவிட்டான். அந்தக் கைக்குட்டை இரத்தக் கறையோடு அவளிடம் திரும்பி வருகிறது. வேறு நாவலாசிரியராக இருந்தால் இங்கே அவளையும் சாகடித்திருப்பார், அல்லது வேறொரு நல்லவனைக் கொண்டுவந்து கட்டிவைத்திருப்பார். ஒலிஃபன்ட் அவளை வேலைக்கு அனுப்புகிறார். அவள் தைக்கிறாள், சம்பாதிக்கிறாள். குடும்பம் இழந்த நிலத்தை மீட்க அப்பாவுக்குப் பணம் கொடுக்கிறாள். எந்தத் தொழிலைச் சொல்லி முகம் சுளித்தாரோ அந்தத் தொழிலில் வந்த பணத்தை அவர் வாங்கிக்கொள்கிறார். அவள் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. எடின்பரோவில் சொந்த வீட்டில், உறவுகள் சூழ, மதிப்போடு முதுமை அடைகிறாள்.

நாவல் வந்த அதே 1890-இல் ஒலிஃபன்ட்டின் மூத்த மகன் இறந்தார். 1894-இல் இளையவரும். மகள் மேகி பத்து வயதிலேயே 1864-இல் ரோமில் போய்விட்டாள். அவர் பெற்ற பிள்ளைகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். செமூர்க் கதையில் அந்தத் தாய்மார்களுக்கு ஏன் பயம் வரவில்லை என்பது இந்த வருஷங்களை வரிசையாகக் குறித்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. புத்தகம் 1880-இல் வந்தது. மேகி போய்ப் பதினாறு வருஷம்.

கூலிக்கு எழுதியதால் இந்த அம்மாளின் கை கெட்டுப்போனது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சில நாவல்கள் நீண்டுபோயின, சரி. ஆனால் கடன் என்றால் என்ன, மாதக் கடைசி என்றால் என்ன, நன்றி சொல்லாத ஆண்பிள்ளைகளை ஒரு பெண் எப்படித் தாங்குகிறாள், வேலை தெரிந்த கைக்கு வேலையில் வரும் சந்தோஷம் என்ன, இதெல்லாம் அவர் எழுத்தில் இருக்கிற மாதிரி நான் படித்த பெரிய பேர்களிடம் பார்க்கவில்லை. இதைப் பொத்தி வைத்து வளர்த்திருந்தால் அவர் கற்றிருக்க முடியாது. அக்காவும் அப்படித்தான். ஒரே பூ என்றேன் அல்லவா? அவள் போட்ட நூறாவது பூ முதல் பூவைப் போலவா இருந்தது? நான் நின்று பார்த்ததே இல்லை.

1972-இல் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. பிறகு தம்பிகளுக்கும் ஒரு வழி பிறந்தது. அக்காவுக்குத் திருமணம் செய்ய வேண்டும் என்று நாங்கள் மூவரும் வாயால் நிறைய பேசினோம். அவள் கண்பார்வை மங்கும்வரை தைத்தாள். 2011-இல் காலமானாள். 1971-இல் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். கிர்ஸ்டீன் தன் அப்பாவிடம் பணத்தைக் கொடுக்கும் இடத்தைப் படித்தபோது, அவள் மறந்திருக்கமாட்டாள் என்று தோன்றியது.

அன்றைக்கு டேப்லெட்டை வைத்துவிட்டு, அக்கா தைத்த துணி ஏதாவது இருக்கிறதா என்று அலமாரி, டிரங்குப் பெட்டி எல்லாம் தேடினேன். மனைவி என்ன தேடுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். அவளும் சேர்ந்து தேடினாள். ஒன்றுகூட இல்லை. எல்லாம் விற்ற துணி. எந்தெந்த வீட்டு மேசையிலோ, எந்த தேசத்திலோ இருந்து கிழிந்து போயிருக்கும். நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்.

ஒலிஃபன்ட் அம்மாளின் துணி இன்னும் கிடைக்கிறது. இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் படிக்கிற நண்பர்கள் செமூர்க் கதையில் தொடங்குங்கள், சிறியதுதான். பிறகு 'கிர்ஸ்டீன்'. அகராதி தேவைப்படும், ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கு கொஞ்சம் படுத்தும். நானே சமாளித்தேன், உங்களால் முடியாதா?

வீட்டில் தைக்கிற, சமைக்கிற, டியூஷன் எடுக்கிற அக்கா தங்கைகள் உள்ளவர்கள், படிப்பதற்கு முன்னால் ஒருமுறை அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். நல்லா இருக்கா என்று கேட்டால், பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.